காற்றழுத்தத்தைப் படிக்கப் பழகுவது எப்படி? மழைக்காலத்துக்கு முன் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் கடலூர்க்காரன். 2024 அக்டோபரில் புது போன் வாங்கினேன், அதில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தது. ஒருநாள் காலை 10 மணிக்கு 1011 என்று காட்டிய எண், மாலை 4 மணிக்கு 1007 என்று வந்து நின்றது. நான்கு புள்ளி இறங்கிவிட்டது, புயல்தான் வருகிறது என்று நினைத்து அம்மாவைப் பண்ருட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் நல்ல வெயில். இரண்டு வாரம் கழித்து இதே கதை இன்னொரு முறை நடந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, கிளம்பலாம் என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றியதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த முதல் இரண்டு முறையும் அழுத்தம் புயலால் குறையவே இல்லை. எல்லா நாளும் நடக்கிற ஒரு ஏற்ற இறக்கத்தை நான் புயல் என்று படித்திருக்கிறேன். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் தினமும் ஐந்து நிமிடமும் போதும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும், நீங்கள் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு பழகலாம் என்று விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் பழைய கணக்கு எதுவும் இருக்காது.

1. அந்த எண் எதைச் சொல்கிறது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

நம் தலைக்கு மேல் வானம் வரைக்கும் நிற்கிற காற்றுக்கு எடை உண்டு. கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுமையைத்தான் காற்றழுத்தம் என்கிறோம். அளக்கும் அலகு ஹெக்டோபாஸ்கல், நான் புள்ளி என்று சொல்வது இதைத்தான். பழைய கருவிகளில் மில்லிபார் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான், மாற்றிப் போடக் கணக்கே வேண்டாம். சில கருவிகள் பாதரச மில்லிமீட்டரில் காட்டும், அதை 1.333ஆல் பெருக்கினால் ஹெக்டோபாஸ்கல் வந்துவிடும். கடல் மட்டத்தில் உலகச் சராசரி என்று வைத்திருக்கும் எண் 1013.25.

இந்த 1013 என்ற எண்ணைத் தயவுசெய்து மனதில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். நிறையப் பேர், 1013க்குக் கீழே போனால் மழை, மேலே போனால் வெயில் என்று நினைக்கிறார்கள். நம் கடற்கரையில் ஜனவரியில் 1013, 1014 பக்கம் இருக்கும், கத்திரி வெயிலில் அதுவே 1004, 1005க்கு வந்துவிடும். 1004 என்று காட்டும் மே மாத மதியத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது. அதே 1004 நவம்பரில் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செய்தியில் சொல்லும் 'தாழ்வு' என்ற வார்த்தையும் அப்படித்தான். அக்கம்பக்கத்துக் கடலைவிட அந்த இடத்தில் காற்றின் சுமை குறைவு, அவ்வளவுதான். குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலும் இருந்து காற்று வரும், வந்த காற்று மேலே ஏறும், ஏறும்போது குளிரும், அதில் இருக்கும் ஈரம் மேகமாகும். நேராக வர வேண்டிய காற்றைப் பூமியின் சுழற்சி வளைத்துவிடுவதால் நம் பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே வரும். இந்தக் கடைசி விஷயம் 6ஆம் படியில் ரொம்ப உதவும்.

2. கருவி: என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது.

செலவே இல்லாதது போன். உங்கள் போனில் அழுத்த உணரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் முதல் பொறி. உணரி இல்லாத போனிலும் வானிலைச் செயலிகள் காற்றழுத்தம் என்று ஓர் எண் காட்டும், அது இணையத்தில் இருந்து வரும் கணிப்பு, உங்கள் வீட்டில் அளந்தது கிடையாது. சோதிப்பது சுலபம். போனை விமானப் பயன்முறையில் போட்டு, தரைத்தளத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு, மூன்றாவது மாடிக்கு ஏறுங்கள். எண் ஒரு புள்ளி குறைந்தால் உள்ளே உணரி இருக்கிறது. அசையாமல் இருந்தால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, சுவரில் மாட்டும் வட்டக் கருவி. காற்றை எடுத்து மூடிய ஓர் உலோகச் சிமிழ் உள்ளே இருக்கும், வெளி அழுத்தத்துக்கு ஏற்ப அது அமுங்கி விரியும்போது முள் நகரும். நான் விசாரித்தபோது 1,500 ரூபாயில் இருந்து 4,000 வரை சொன்னார்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், புயல் ராத்திரியில் கரண்ட் போன பிறகும் வேலை செய்யும் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அதன் முகத்தில் 'மழை', 'மாற்றம்', 'நல்ல வானிலை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் வார்த்தைகளை மறந்துவிடுங்கள். அவை குளிர்நாடுகளுக்காக எழுதியவை. அங்கே ஒரு வாரத்துக்குள் முப்பது புள்ளி ஏறி இறங்கும். நமக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும், புயல் நாளை விட்டுவிட்டால், அதில் பாதி இருந்தால் பெரிது.

மூன்றாவது, கையில் கொஞ்சம் மின்னணு வேலை தெரிந்தவர்களுக்கு. பி.எம்.பி. 280 என்ற சின்ன உணரி சென்னை ரிச்சி தெருவில் எனக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்தது, அதோடு ஒரு கட்டுப்பாட்டுப் பலகையும் ஒயரும் சேர்த்து 700க்குள் முடிந்தது. மொத்த அளவில் ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கும், ஆனால் மாற்றத்தைப் பிடிப்பதில் அருமையானது, நமக்கு வேண்டியதும் மாற்றம்தான். 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் எரிந்துவிடலாம், என்னுடைய முதல் உணரி அப்படித்தான் போனது. ஈரப்பதமும் காட்டும் பி.எம்.இ. என்று சொல்லி விலை கூட்டி பி.எம்.பி.யையே தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன, அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வீட்டுக்குள்ளேயே, வெயில் படாத சுவரில் வையுங்கள். கதவு ஜன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வெளியே அழுத்தம் ஒன்றுதான். மொட்டை மாடியில் வைத்தால்தான் சரியாகக் காட்டும் என்று நினைத்து உப்புக்காற்றில் கருவியைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

3. கடல் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்

மேலே போகப் போகத் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. கடற்கரை ஊர்களில் ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒரு புள்ளி. கோயம்புத்தூரில் கருவி 965 பக்கம் காட்டும், பெங்களூரில் 910, ஊட்டியில் 780. அங்கெல்லாம் புயல் அடிக்கவில்லை, ஊர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். (ஊட்டியில் சாதம் வேக நேரமாவதற்கும் இதே காரணம்தான், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்.)

வானிலைத் துறை அறிக்கைகளில் வருகிற எண் எல்லாமே கடல் மட்டத்துக்குத் திருத்தியது. உங்கள் எண்ணையும் அப்படித் திருத்தினால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். கடலோரத்தில் இருப்பவர்கள் உங்கள் இடத்தின் உயரத்தோடு நீங்கள் இருக்கும் மாடியின் உயரத்தையும் கூட்டி 9ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கருவி காட்டுவதோடு கூட்டிக்கொள்ளுங்கள். தரை 6 மீட்டர், மூன்றாவது மாடி 9 மீட்டர் என்றால் 15ஐ 9ஆல் வகுக்க 1.7. கருவி 1008.0 காட்டினால் உங்கள் எண் 1009.7. மலை ஊர்களுக்கு இந்த 9 கணக்கு ஒத்துவராது, அங்கே கருவியில் உயரத்தைக் கொடுத்து அதையே கணக்கிட விடுவது நல்லது.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பில் கியூ (Q) என்ற எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரும், அதுதான் கடல் மட்ட அழுத்தம். சென்னைக்கு அரை மணிக்கு ஒரு முறை புதுக் குறிப்பு வருகிறது, இலவசம். காற்று அமைதியாக இருக்கும் ஒரு நாளில், பக்கத்து விமான நிலையத்தின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரு புள்ளிக்குள் இருந்தால் போதும். வட்டக் கருவியாக இருந்தால் பின்பக்கத் திருகை மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒருமுறை செய்த பிறகு அதில் கை வைக்காதீர்கள்.

4. பதினைந்து நாள் நோட்டு எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10 மணி வாக்கிலும் இரவு 10 மணி வாக்கிலும் உச்சம், அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பள்ளம். சூரியன் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் உலகம் முழுக்கச் சுற்றிவரும் அலை இது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மைப் போன்ற ஊர்களில்தான் பெரிதாகத் தெரியும். காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் இடையே மூன்று, நான்கு புள்ளி இறங்குவது மிகச் சாதாரணம். நான் அம்மாவைப் பண்ருட்டிக்கு அனுப்பியது இந்த நான்கு புள்ளியைப் பார்த்துத்தான்.

அதனால் இன்றைய மாலையை இன்றைய காலையோடு ஒப்பிடக்கூடாது. இன்றைய 8.30ஐ நேற்றைய 8.30ஓடு, இன்றைய 5.30ஐ நேற்றைய 5.30ஓடு. இதற்கு 24 மணி நேர மாற்றம் என்று பெயர், வானிலைத் துறையும் இப்படித்தான் பார்க்கிறது. காலை 8.30, மாலை 5.30 என்று நான் சொல்வதற்குக் காரணம், வானிலை ஆய்வு நிலையங்கள் கணக்கெடுக்கும் நேரங்களில் இவை இரண்டும் உண்டு, மழை அளவும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான் எடுப்பார்கள். உங்கள் நோட்டும் அவர்கள் அறிக்கையும் ஒரே நேரத்தில் நிற்கும்.

20 ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் ஆறு பத்தி போதும்: தேதி, நேரம், திருத்திய எண், நேற்று இதே நேரத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம், காற்று எங்கிருந்து வருகிறது, மழை. ஒருநாள் விட்டுப்போனால் காலியாக விடுங்கள், குத்துமதிப்பாக எழுதி நிரப்பாதீர்கள். பதினைந்து நாளில் உங்கள் ஊரின் மூச்சு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். செப்டம்பரில் இருந்து டிசம்பர் வரை அடிப்படை எண் தானாகவே மெல்ல மெல்ல ஏறும் என்பதையும் நோட்டிலேயே பார்ப்பீர்கள். அதனால் சராசரி பார்க்கும்போது கடந்த ஐந்தாறு நாளை மட்டும் எடுங்கள், இரண்டு மாதத்துக்கு முந்தையது உதவாது.

வித்தியாசம் ஒரு புள்ளிக்குள் இருந்தால் கவலையே வேண்டாம். இரண்டு என்றால் அன்றைய அறிக்கையை எடுத்துப் படியுங்கள். வெப்பமண்டலக் கடல்களில் கப்பல் ஓட்டுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: தினசரி அலையைக் கழித்த பிறகும் அந்தக் காலத்துச் சராசரியைவிட மூன்று புள்ளி குறைந்தால் சந்தேகப்படு, ஐந்து குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே வைத்துக்கொள். எங்கள் ஊருக்கும் இது பொருந்துகிறது.

எண்ணைவிட எனக்கு அதிகம் உதவிய அடையாளம் இன்னொன்று. காலை 10 மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் அப்படியே நின்றாலோ இறங்கினாலோ, தினசரி அலையை விழுங்கும் அளவுக்குப் பெரிதாக ஏதோ நெருங்கி வருகிறது. ஃபெஞ்சலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. என் பக்கம் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

5. எந்த அறிக்கை, எத்தனை மணிக்கு

உங்கள் கருவி உங்கள் வீட்டை மட்டும் பார்க்கிறது. கடலில் என்ன நடக்கிறது என்று தெரிய அறிக்கை வேண்டும், எல்லாமே இலவசம்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கை தமிழிலேயே கிடைக்கும், மாவட்ட வாரியான எச்சரிக்கையும் அதில் இருக்கும். வங்கக் கடலில் ஏதாவது உருவானால் டெல்லியில் இருந்து வரும் புயல் அறிக்கைகளையும் பாருங்கள், புயலாக மாறிய பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும், கரையைக் கடக்கும் நேரத்தில் மணிக்கு ஒன்று. மூன்றாவதாக ரேடார் படம், நமக்கு சென்னையும் காரைக்காலும். நான்காவதாக அழுத்த வரைபடம். அதில் ஒரே அழுத்தம் இருக்கும் இடங்களை இணைத்து இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள், கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்தால் அங்கே காற்று பலம்.

இங்கே மூன்று பொறி. படங்களில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 03 என்று போட்டிருந்தால் நம் காலை 8.30. காற்றின் வேகம் நாட் (knot) என்ற அலகில் இருந்தால் 1.85ஆல் பெருக்குங்கள், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். மூன்றாவதுதான் மோசம்: வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிக்கைகள். வெளியிட்ட தேதி, நேரம் இரண்டும் மேலே இல்லாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். போன வருடத்துப் படம் இந்த வருடம் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, வார்த்தைகளுக்கு வருவோம். வானிலைத் துறை இவற்றைக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89க்கு மேல் தீவிரப் புயல், அதற்கு மேலும் படிகள் உண்டு, உச்சத்தில் 222க்கு மேல் போனால் சூப்பர் புயல். 1999இல் ஒடிசாவை அடித்தது அந்த வகை, அதன் மையத்தில் அழுத்தம் 912 வரை இறங்கியதாகக் கணக்கு.

இந்தப் படிகள் காற்றுக்கானவை. மழைக்கு இவை அளவுகோல் கிடையாது. "புயல் இல்லையாம், வெறும் தாழ்வுப் பகுதிதானாம்" என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, தாமிரபரணி கரை புரண்டு தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் நின்றது. அதற்குக் காரணம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அதற்குப் பெயர்கூடக் கிடையாது. 2015 டிசம்பர் 1 சென்னை வெள்ளத்திலும் புயல் இல்லை. இது மாதிரி நாட்களில் உங்கள் கருவி பெரிதாக எதுவும் காட்டாது, அன்றைக்கு நம்ப வேண்டியது நிற எச்சரிக்கையை. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும் மழைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1, 2 என்றால் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 ஆபத்து, 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10க்கும் அதே கதை. 7ஐவிட 6 பரவாயில்லை என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

6. காற்றைக் கேளுங்கள்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் ஒரு பெரியவர். "தம்பி, காத்துக்கு முதுகக் காட்டி நில்லு. ஒன் இடது கைப்பக்கம்தான் அது கெடக்கும்" என்றார். பிறகு தேடிப் படித்தபோது உலகம் முழுக்க மாலுமிகள் வைத்திருக்கும் விதியே இதுதான் என்று தெரிந்தது. காற்று முதுகில் அடிக்கும்படி நின்றால் தாழ்வின் மையம் இடது பக்கம், சற்று முன்னால் இருக்கும்.

நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். வடக்கில் இருந்து வாடைக் காற்று அடிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டினால் தெற்கு பார்த்து நிற்பீர்கள், இடது கை கடல் பக்கம். சரி, அது கடலில் இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் காற்று எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பதுதான் முக்கியம். வாடை வடமேற்காகி, மேற்காகி, தென்மேற்காகத் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே கரையேறுகிறது. வாடை கொண்டலாகி (கிழக்குக் காற்று), தென்கிழக்காகத் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே போகிறது. இரண்டாவதுதான் கடலோரத்துக்கு மோசம், காற்று கடலில் இருந்து கரைக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். அழுத்தம் குறைவதாலேயே கடல் மட்டம் ஒரு புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரும் என்றாலும், தண்ணீரை ஊருக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் காற்றுதான்.

காற்று திரும்பவே இல்லை, ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்கிறது, எண்ணும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அது உங்களை நோக்கி நேராக வருகிறது. மையம் தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து, மரத்தை நகர்த்தப் போய், பத்து இருபது நிமிடத்தில் எதிர்ப் பக்கத்தில் இருந்து அடிக்கும் காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே கருவி உயிரைக் காப்பாற்றும். காற்று நின்றிருக்கும்போது எண் இன்னும் தரையில் கிடந்தால் வெளியே வராதீர்கள். அது நன்றாக ஏறி, காற்றும் திரும்பி அடித்து ஓய்ந்த பிறகு கதவைத் திறங்கள்.

7. இறங்கத் தொடங்கினால் எப்போது என்ன செய்வது

24 மணி நேர வித்தியாசம் மூன்றைத் தாண்டி, அறிக்கையிலும் உங்கள் மாவட்டம் இருந்தால் அன்றைக்கே தாள்களை எடுத்து வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை 30 ரூபாய்தான், இரண்டாகப் போட்டு உயரத்தில் வையுங்கள், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் அரசு கொடுத்த 2,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கார்டை வைத்துத்தான் வந்தது. கார்டு ஊறிப்போய்த் தவித்தவர்களைப் பார்த்தேன்.

ஐந்தைத் தாண்டினால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே முதியவர்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிடுங்கள். மாலை ஆறுக்கு மேல் ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் சொல்கிற கூலி வேறு.

மணிக்கு ஒரு புள்ளிக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் நோட்டு, கருவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள், அந்த நேரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு உட்கார வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள், போன் சார்ஜ் இல்லாமல் போனாலும் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிடலாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் படித்ததை வீட்டில் சொல்லும்போது அவசரப்பட்டுப் புயல் என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். "நேற்று இதே நேரத்தைவிட மூன்று புள்ளி குறைவு, அறிக்கையிலும் நம் மாவட்டம் இருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றால் காத்திருங்கள். இரண்டு முறை தவறாகக் கூப்பிட்டவன் மூன்றாவது முறை எவ்வளவு கத்தினாலும் பலிக்காது, எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

8. எண் ஏறிய பிறகும் நோட்டை மூடாதீர்கள்

ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்று, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டியது. எனக்கு வாடை மேற்காகத் திரும்பியிருந்தது, எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். புயலின் மிச்சம் உள்நாட்டில் போய் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டிய மழை தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணை திறந்து, இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குக் கடலூரில் அழுத்தம் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிட்டது. கருவியைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஆற்றங்கரையில் இருப்பவர்கள் நோட்டில் ஏழாவதாக ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: மேலே இருக்கும் அணையின் நீர்மட்டம், திறந்துவிடும் அளவு. நீர்வளத் துறை கன அடியில் சொல்லும் அந்த எண்ணை, மழை நின்று மூன்று நாள் வரைக்கும் காலையும் மாலையும் குறியுங்கள், நள்ளிரவில் திறப்பு கூடினால் தகவல் சொல்ல மேல்பக்கத்து ஊரில் ஒருவரையாவது தெரிந்து வைத்திருங்கள். நான் இப்போது திருக்கோவிலூரில் இருக்கும் ஒரு நண்பரோடு பேசி வைத்திருக்கிறேன், அங்கே பாலத்துத் தூணில் தண்ணீர் ஏறினால் அவர் கூப்பிடுவார், எங்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும்.